முதல் கட்டத்து மாப்பிள்ளை

“அப்போ நாலுமே நடுக்கட்டம். உறுதியாச் சொல்ற?”

“உறுதியாத்தான் சொல்றேன்.”

“அன்னிக்கு அந்த டாக்டரும் இப்படித்தான் உறுதியாச் சொன்னாரு.”

“அவர் சொன்னது வேறம்மா. நீ புரிஞ்சுக்கிட்டது வேற.”

“ஆமா, நான் வெறும் பி.காம். எனக்கென்ன தெரியும்? எங்கே, இன்னொருக்கா வெச்சுக் காட்டு.”

குழலி முறத்திலிருந்து மறுபடியும் வெங்காயம் பொறுக்கினாள். இரண்டு பெரிய வெங்காயம் வலப்பக்கம், இரண்டு சின்ன வெங்காயம் இடப்பக்கம். நடுவில், சமையலறைத் தரையில், சாக்கட்டியால் போட்ட நான்கு கட்டங்கள். உடுமலைப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவள் அவள். இதே கட்டத்தை எத்தனையோ நூறு தடவை கரும்பலகையில் போட்டிருக்கிறாள். அம்மாவுக்காகப் போடும்போது மட்டும் கை கூசியது.

“இது மாப்பிள்ளை. அவருக்கு ரெண்டும் பெரிய வெங்காயம். இது நம்ம மிருது. இவளுக்கு ரெண்டும் சின்னது. பொறக்கற பிள்ளைக்கு அப்பன் ஒண்ணு குடுக்கணும், ஆத்தா ஒண்ணு குடுக்கணும். அவர்கிட்ட பெரிசைத் தவிர வேறில்ல. இவகிட்ட சின்னதைத் தவிர வேறில்ல. அப்போ எந்தக் கட்டத்தைப் பாத்தாலும் பெரிசு ஒண்ணு, சின்னது ஒண்ணு.”

அம்மா காயத்ரி குனிந்து நான்கு கட்டங்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஏதாவது ஒரு மூலையில் இரண்டு சின்ன வெங்காயம் ஒளிந்திருக்குமோ என்பதுபோல முறத்தைக்கூட நகர்த்திப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் ஒரே வாரலாக வாரி அரிவாள்மனைப் பக்கம் வைத்துக்கொண்டாள். “சாம்பாருக்கு ஆச்சு” என்றாள். குரலில் பல வருடங்களாக இல்லாத தெம்பு.

அவள் அப்படிச் சந்தேகப்பட்டதற்குக் காரணம் இருந்தது.

முப்பது வருடங்களுக்கு முன், வாய்க்காலில் தண்ணீர் விட்ட ஒரு ஆவணியில், நீலக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் உடம்பு வலி, இரண்டாம் நாள் நகம் நீலம், மூன்றாம் நாள் முடிந்தது. கொசுதான் கொண்டுவந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் ஊருக்கு ஊர் பாதி வீடுகளில் விளக்கு இல்லை. பிழைத்தவர்கள் ஏன் பிழைத்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்களுடைய இரத்தத்தில் ஒரு மரபணு லேசாகத் திரிந்திருந்தது. பாடப்புத்தகத்தில் அதைச் சின்ன எழுத்தால் குறித்தார்கள். திரியாததைப் பெரிய எழுத்தால். பெரியது ஒன்றும் சின்னது ஒன்றுமாக இருப்பவர்களைக் காய்ச்சல் தொடவில்லை, வேறு குறையும் இல்லை. பெரியது இரண்டாக இருந்தவர்கள் போய்விட்டார்கள். சின்னது இரண்டாக இருப்பவர்களையும் காய்ச்சல் தொடாது. ஆனால் அவர்களுடைய சிவப்பணு நிலைக்காமல் உடைந்துகொண்டே இருக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாருடைய இரத்தமாவது உள்ளே போக வேண்டும்.

ஆக, மிச்சமிருந்த ஆரோக்கியமானவர்களில் யாரை யார் கட்டினாலும் இரண்டு பக்கமும் பெரியது ஒன்று, சின்னது ஒன்று. பிறக்கும் பிள்ளைகளுக்கு நான்கு கட்டம். முதல் கட்டத்துப் பிள்ளைக்கு இரண்டும் பெரியது, கொசுவலைக்குள் வளர வேண்டும். நான்காம் கட்டத்துப் பிள்ளைக்கு இரண்டும் சின்னது, ஆஸ்பத்திரியில் வளர வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டு கட்டத்துக்குத்தான் தெரு, வயல், விளையாட்டு எல்லாம். தடுப்பூசி அடுத்த வருடம் வரும் என்று வருடா வருடம் சொன்னார்கள். கருவிலேயே பார்த்துத் தேர்ந்து தரும் இடங்கள் பெரிய நகரங்களில் இருந்தன. வரிசை ஒன்பது வருடம். அதனால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் ஊரையும் வேலையையும் கேட்பதற்கு முன்னால் கட்டத்தைக் கேட்டார்கள்.

காயத்ரிக்கு முதலில் குழலி. நடுக்கட்டம். அடுத்து ஒரு பையன். நான்காம் கட்டம். மூன்று வயதில் போய்விட்டான். அப்போதுதான் அந்த டாக்டர், “நாலில் ஒண்ணு இப்படிப் பொறக்கும்மா” என்று ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார். காயத்ரி அதை, அந்த ஒன்று வந்து போய்விட்டது, இனி பயமில்லை என்று எடுத்துக்கொண்டாள். ஊரில் எல்லோருமே அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ‘எங்க வீட்டு நாலாவது கழிஞ்சுருச்சு’ என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டே அடுத்த பிள்ளையைப் பெற்றார்கள். அந்த நம்பிக்கையில் பிறந்தவள் மிருதுளா. அவளும் நான்காம் கட்டம்.

கட்டத்துக்கு ஞாபகசக்தி கிடையாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று குழலி ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வாள். சொல்லும்போது தம்பியின் முகம் வராமல் இருக்காது. அவளும் கணவனும் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டதற்கும் அதுதான் காரணம்.

“என்ன சத்தம்? என்னை வெங்காயமாக்கிட்டீங்களா?” மிருதுளா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்துமூன்று வயது. நான்கு எட்டு நடந்தாலே உதடு வெளுத்துவிடும், ஆனால் வாய் மட்டும் ஓயாது.

“சின்ன வெங்காயம்” என்றாள் குழலி.

“வெலை அதுக்குத்தான் எச்சு.”

காயத்ரி சிரித்தாள். குழலி சிரிக்கவில்லை. “பிள்ளைங்க எல்லாம் நடுக்கட்டம்தான். சரி. பெத்துக்கறவ என்ன கட்டம்னு யோசிச்சியாம்மா? அவ இருதயம் தாங்காதுன்னு போன மாசம்தானே சொன்னாங்க.”

“சொல்லுவாங்க. அதுக்குத்தான் ஆஸ்பத்திரி இருக்குது.”

“அக்கா, வாத்தியார் வேலையை ஸ்கூலோட வெச்சுக்க” என்றாள் மிருதுளா. “ஞாயித்துக்கிழமை என்ன சேலை கட்டறதுன்னு மட்டும் சொல்லு.”

*

வழக்கமாக மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் பார்க்க வருவார்கள். மாப்பிள்ளை முதல் கட்டமாக இருந்தால் பெண் வீட்டார் போக வேண்டும். அதற்கென்று புது மரியாதைகள் உண்டாகிவிட்டன. பூவும் பழமும் வாங்குவதோடு போகிறவர்கள் வெளிர்நிறத்தில் உடுத்த வேண்டும். இருட்டு நிறத்தில் கொசு உட்கார்ந்தால் தெரியாது.

காங்கேயத்துக்கு வெளியே இருந்த அந்த வீட்டுக்கு இரண்டு வாசல். முதல் கதவு மூடி, காற்றாடி இரைந்து, எல்லோரும் சேலையையும் தலைமுடியையும் உதறிக்கொண்ட பிறகுதான் இரண்டாம் கதவு திறக்கும். பையனின் அம்மா சௌமியா கையில் கொசு அடிக்கும் மட்டையோடு நின்று ஒவ்வொருவரையும் முன்னும் பின்னும் பார்த்தே உள்ளே விட்டாள். ஐம்பது வயதிருக்கும். கண் மட்டும் ஓரிடத்தில் நிற்காமல் சுவர், கூரை, ஜன்னல் வலை என்று அலைந்துகொண்டே இருந்தது.

“தப்பா நெனைச்சுக்காதீங்க. பழக்கமாயிருச்சு.”

“மாசியிலகூடவாங்க?” என்றாள் காயத்ரி. “இப்பத்தான் வாய்க்கால்ல தண்ணியே இல்லையே. முதல் கட்டத்துக்காரங்க இந்த நாலு மாசம் வெளிய வரலாம்னு சட்டமே இருக்குதுங்களே.”

“சட்டம் இருக்குதுங்க” என்றாள் சௌமியா. கையிலிருந்த மட்டையைக் கீழே வைக்கவில்லை.

பையன்தான் காப்பித் தட்டைக் கொண்டுவந்தான். கூட வந்திருந்த தரகர் கோகுல் உடனே கிண்டலுக்குப் பிடித்துக்கொண்டார். “கொஞ்சம் தலையைக் குனிஞ்சு வா தம்பி. வந்திருக்கற ஒறம்பரைக்கு வெக்கம் காட்டணுமல்ல?”

பையன் பெயர் பரிதி. நல்ல உயரம். வெயில் படாத தோல் என்பதால் காதோரம் நரம்பு தெரிந்தது. மிருதுளாவின் முன்னால் தட்டை நீட்டியபோது ஒரு தம்ளர் தளும்பியது.

“பயமா?” என்றாள் அவள்.

“இல்லீங். எங்க வீட்டுக்கு ஆள் வந்து ஒம்பது மாசமாச்சு.”

பெரியவர்கள் சீர் பற்றிப் பேச ஆரம்பித்ததும் இருவரையும் உள் அறைக்கு அனுப்பினார்கள். துணைக்குக் குழலி. அறைச் சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொன்றிலும் புல்வெளி, வேலி, அசைபோடும் மாடுகள்.

“என்ன வேலைங்க பாக்கறீங்க?”

“மாடு மேய்க்கிறேங்க.”

மிருதுளா திரும்பித் திரும்பித் திரைகளைப் பார்த்தாள்.

“நெசமாத்தாங்க. ஒவ்வொண்ணு கழுத்துலயும் ஒரு பட்டை இருக்கும். முந்நூத்தி நாப்பது மாடு. எது தீனி எடுக்கலை, எது சினைக்கு வந்திருக்குது, எது நொண்டுது, எல்லாம் நான் பாத்துச் சொல்லணும். அந்தச் செவலை இருக்குதே, அது மகா திருட்டுக் கழுதை, தினமும் பொழுதோட வேலியைத் தாண்டிரும்.” கொஞ்சம் நிறுத்தி, “ஒரு மாட்டையும் தொட்டதில்லீங்” என்றான்.

“நான் தொட்டிருக்கேன். சொரசொரன்னு இருக்கும், சூடா இருக்கும். நான் எங்க வேணா போகலாம். கொசு என்னை ஒண்ணும் பண்ணாது. மாடிப்படிதான் பண்ணும்.”

“கொசு கடிச்சா?”

“கடிச்சா கொசுவுக்குத்தான் பாவம். அதுக்கு ரத்தசோகை வந்துரும்.”

அவன் சிரித்த சத்தத்தில் வெளியே பேச்சு நின்றது. மிருதுளாவும் சிரித்தாள். மூச்சு வாங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தாள். தங்கை இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று குழலி நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

கிளம்பும் நேரத்தில், இரண்டு கதவுகளுக்கும் நடுவில் காற்றாடி இரைந்துகொண்டிருந்தபோது, பரிதி குழலியருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டான்.

“டீச்சர், ஸ்கூல்ல பசங்க காகிதத்துல ரத்தம் வெச்சுப் பாப்பாங்களே, அது ஒண்ணு எனக்கு வேணுங். அம்மாவுக்குத் தெரியாம.”

*

புதன்கிழமை காங்கேயத்தில் சந்தை. சௌமியா காய் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்துக் குழலி வந்தாள். கைப்பையில் செய்முறை வகுப்புக்கான காகிதப் பட்டைகள் மூன்று, ஊசி ஒன்று, பஞ்சு. வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். நிச்சயம் குறித்தாகிவிட்டது. இந்த நேரத்தில் இது எதற்கு?

“உங்க அட்டையில முதல் கட்டம்னு அரசாங்கமே முத்திரை குத்திக் குடுத்திருக்குது. அப்புறம் என்ன?”

“போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி” என்றான் பரிதி. “நல்ல மழைங்க. எல்லாத் திரையிலயும் மழை. மாடெல்லாம் நனையுது. எனக்கு அது எப்படி இருக்கும்னு பாக்கணும்னு ஆசை. இந்த ஜன்னல் வலையில ஒரு மூலையைப் பிரிச்சுக் கையை வெளிய விட்டேன். முழங்கை வரைக்கும். அரை மணி நேரம் அப்படியே நின்னேங்க. உள்ள எடுத்துப் பாத்தா பதினோரு தடிப்பு.”

“பரிதி!”

“மூணு நாள் நகத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அம்மாகிட்டச் சொல்லல. நாலாம் நாளும் சாப்பிட்டேன். அஞ்சாம் நாளும் சாப்பிட்டேன். ஒருவேளை அந்தக் கொசுவுக்கெல்லாம் காய்ச்சல் இல்லாம இருந்திருக்கலாம். அப்படித்தான் நெனைச்சுக்கிட்டேன். மறுசோதனைக்கு எழுதிப் போடலாம்னா அம்மா மூச்சுவிடாம அழறாங்க. ஆனா இப்போ மிருதுளா வராங்க. என்னை முதல் கட்டம்னு நம்பித்தானே வராங்க? அது நெசமான்னு எனக்குத் தெரியணுமல்ல?”

அவன் விரலை நீட்டினான். குழலி குத்தினாள். இரத்தம் பட்டையில் ஊறியது. பெரிய எழுத்து இருந்தால் நீலக் கோடு வரும். சின்ன எழுத்து இருந்தால் சிவப்புக் கோடு வரும். நீலம் உடனே வந்தது. அவள் மூச்சை விட்டாள். “பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே...”

அதற்குக் கீழே, நிதானமாக, எறும்பு ஊர்வதுபோல இன்னொரு கோடு வந்தது.

அவள் இரண்டாம் பட்டையை எடுத்தாள். வேறு விரலில் குத்தினாள். அதிலும் இரண்டு கோடு. மூன்றாவதைத் தன் விரலிலேயே குத்திப் பார்த்தாள். அதிலும் இரண்டு. மேஜைமேல் மூன்று பட்டைகளும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“நீங்க நடுக்கட்டம்” என்றாள். “என்னை மாதிரி. வெளிய போற எல்லாரையும் மாதிரி.”

பரிதி எழுந்து உள்வாசல் கதவுவரை போனான். தாழ்ப்பாளில் கை வைத்தான். வைத்த கையை எடுக்கவுமில்லை, தாழை விலக்கவுமில்லை.

“திறக்கலாம்” என்றாள் குழலி. “உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

“தெரியுதுங். திறந்து எங்க போறதுன்னுதான் தெரியல.” அவன் சிரிக்கப் பார்த்தான். “இருபத்திநாலு வருஷம்ங், டீச்சர். ரெண்டு வயசுல முகாம்ல குத்திப் பாத்து அட்டை குடுத்தாங்களாம். அதுல இருந்து.” பிறகு, ஏதோ நினைவு வந்ததுபோல் திரும்பினான். “அப்போ மிருதுளாவுக்குப் பொறக்கற பிள்ளைங்க?”

அவள் மேஜையில் இருந்த காகிதத்தில் கட்டம் போட்டாள். இந்தப் பக்கம் பெரியது ஒன்று, சின்னது ஒன்று. அந்தப் பக்கம் இரண்டும் சின்னது. இரண்டு கட்டத்தில் பெரியதும் சின்னதும். மற்ற இரண்டில் சின்னதும் சின்னதும்.

“பாதிக்குப் பாதி.”

“அவங்களாட்டமா?”

“அவளாட்டம்.”

வெகுநேரம் அவன் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் வண்டிச் சத்தம் எதுவும் கேட்கிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். திரையில் செவலை மாடு வேலியைத் தாண்டியது. அவன் கவனிக்கவில்லை.

“எனக்கு ரெண்டு நாள் குடுங்க. மிருதுளாகிட்ட நானே சொல்லிக்கிறேன். பிள்ளை வேண்டாம், நீங்க மட்டும் போதும்னு கேக்கலாம். ஆனா எங்க வீட்லயும் உங்க வீட்லயும் பிள்ளைக்காகத்தானே இந்தப் பேச்சே எடுத்தாங்க?” அவன் பட்டைகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டான். “இதைப் பாத்தா அம்மா...”

“காய்ஞ்சா கோடு மறைஞ்சுரும். ஒரு மணி நேரத்துல வெத்துக் காகிதம்தான்.”

*

மறுநாள் ஆஸ்பத்திரியில் மிருதுளாவுக்கு இரத்தம் ஏற்றும் முறை வந்தது. குழலி அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேலே தொங்கும் பையிலிருந்து யாரோ ஒரு நடுக்கட்டத்து மனிதரின் இரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

“என்னக்கா, பேயறைஞ்சாப்பல இருக்கற?”

“தலைவலி.”

“பொய்.” மிருதுளா கண்ணை மூடிக்கொண்டாள். “எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதைத்தானே நெனைச்சுட்டிருக்க? என்கிட்டயும் சொன்னாரு. பத்துக்கு மூணு பேர் பிரசவத்துல தாங்க மாட்டாங்களாம். அப்போ ஏழு பேர் தாங்கறாங்கல்ல?”

“மிருது...”

“இரு, நான் சொல்லிக்கிறேன். சின்ன வயசுல இருந்து எல்லாரும் என் ரத்தத்தை மாத்தப் பாக்கறாங்க. வெளிய எடு, வேற ஊத்து. அம்மா என்னைப் பாக்கறப்போ எல்லாம் அந்த டாக்டரைத் திட்டறதை நான் கேட்டிருக்கேன். நான் ஏதோ தப்பாப் போட்ட விடை மாதிரி. இப்போத்தான் முதல் தடவையா என் ரத்தம் வேணும்னு ஒரு வீட்ல கேக்கறாங்க. நான் இருந்தாத்தான் அந்தப் பிள்ளைங்க நல்லாப் பொறக்கும். நானும் அவரும் இருந்தாத்தான். ஊர்ல நல்லா இருக்கற யாராலயும் முடியாதது. நீயும் மாமாவும்கூட இன்னொண்ணு பெத்துக்கப் பயந்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?” கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தாள். “இதை மட்டும் கெடுத்துராதக்கா.”

குழலி போர்வையை இழுத்துவிட்டாள். இரண்டு நாள் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். வாக்குக் கொடுத்ததற்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பை காலியாகும்வரை அந்தச் சமாதானம் தாங்கியது.

*

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. கரும்பலகையில் கட்டம் இருந்தது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்த ஒருத்தி, பெயர் யுகபாரதி, எழுந்து நின்றாள்.

“மிஸ், ரத்த நோய்க்குப் பாத்தா சின்ன எழுத்து ஒடுங்கு பண்பு. ரெண்டு இருந்தாத்தான் நோய் வரும். ஆனா காய்ச்சலுக்குப் பாத்தா அதே சின்ன எழுத்து ஒண்ணே இருந்தாலும் காப்பாத்துது. அப்போ அது ஓங்குதானே? ஒரே ஆள் எப்படி மிஸ் ரெண்டு வேஷம் கட்டும்?”

“எதைப் பாக்கறோம்கறதைப் பொறுத்துத்தான் ஓங்கும் ஒடுங்கும். மரபணுவுக்கு அந்தப் பேர் எல்லாம் தெரியாது. நாம வெச்சது.”

“அட்டையில இருக்கறது மிஸ்?”

“அட்டையில இருக்கறது மரபணு ஆக்கம். உள்ள என்ன எழுதியிருக்குதுங்கறது. வெளிய தெரியறது புறத்தோற்றம். வெளிய பாத்து உள்ள இருக்கறதைச் சொல்லிர முடியாது.”

“உள்ள இருக்கறதைத் தப்பாப் படிச்சுட்டா?”

வகுப்பு சிரித்தது. குழலி சாக்கட்டியைக் கீழே வைத்தாள். மணி அடித்தது. பிள்ளைகள் இரைச்சலோடு வெளியேறியதும்தான் வாசலில் நின்ற சௌமியாவைப் பார்த்தாள். கொசு மட்டை இல்லாமல் அவள் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தன.

“வாங்கத்தை. என்ன இவ்வளவு தூரம்?”

சௌமியா முன் பெஞ்சில், ஒரு பிள்ளையின் இடத்தில், உட்கார்ந்தாள். கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே மூன்று வெற்றுக் காகிதப் பட்டைகள்.

“குப்பையில கெடந்துச்சு. அவனைக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறான். புதன்கிழமையில இருந்து கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கான். மாட்டைக்கூடக் கவனிக்கறதில்ல. பக்கத்து வீட்டுக்காரி நீ வந்துட்டுப் போனேன்னு சொன்னா. இதுல என்ன வந்துச்சுன்னு பாத்தது நீதான்.”

குழலி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, பரிதியே உங்ககிட்ட...”

“இரு அம்மிணி. நீ சொல்றதுக்கு முந்தி நான் ஒண்ணு சொல்லீர்றேன். தரகர் உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டார். நாங்க யாருகிட்டயும் பேசறதில்ல. பரிதிக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். அமுதன்னு பேர்.”

வெளியே மைதானத்தில் யாரோ பந்தை உதைத்தார்கள்.

“முகாம் நடந்தப்போ அவனுக்கு அஞ்சு வயசு, இவனுக்கு ரெண்டு. அவனுக்கு நடுக்கட்டம்னு அட்டை வந்துச்சு. இவனுக்கு முதல் கட்டம். இவனை வலைக்குள்ள வெச்சோம். அவனை அவங்கப்பா தினமும் வயலுக்குக் கூட்டிட்டுப் போவார். வாய்க்கால்லயே கெடப்பான். போகாதடான்னு ஒருநாளும் சொன்னதில்ல. எதுக்குச் சொல்றது? அட்டை இருக்குதே. ஏழு வயசுல காய்ச்சல் வந்துச்சு. நகம் நீலமா இருந்துச்சு. நான் பாத்தேன். ஆஸ்பத்திரியில, நடுக்கட்டத்துக்கு அது வராது, இது வேற காய்ச்சல்னு சொன்னாங்க. சரி, வேற காய்ச்சல்னே வெச்சுக்கிட்டோம். அதுக்கப்புறம் எனக்கு எந்த அட்டை மேலயும் நம்பிக்கை இல்ல. சின்னவனைக் கோடையிலகூட வெளிய விடல.”

ஒரே முகாம், இரண்டு பிள்ளைகள், இரண்டு அட்டைகள். குழலிக்கு மனதுக்குள் கட்டம் எதுவும் போடத் தேவையிருக்கவில்லை.

“அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நானும் ரெண்டு நாளா யோசிக்கறேன்” என்றாள் சௌமியா. குரல் தட்டையாக இருந்தது, பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்ததுபோல. “சரியான கூட்டம். அந்தப் புள்ளை, நர்சு, வரிசையா பேர் எழுதி வெச்சிருந்துச்சு. மூத்தவன் பேர் முதல்ல, சின்னவன் பேர் அப்புறம். ஊசியைப் பாத்ததும் இடுப்புல இருந்த சின்னவன் வீல்வீல்னு கத்தினான். இவனை முதல்ல முடிச்சுருங்கன்னு நாந்தான் இவன் கையை முன்னால நீட்டினேன். அப்புறம் பெரியவன் கை. பேரு எழுதின வரிசை மாறலை. குத்தின வரிசைதான் மாறுச்சு. அதை நான் அப்பவே பாத்தனா, இல்ல இப்பத்தான் பாத்தாப்பல தோணுதா, தெரியல.”

அவள் பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெஞ்சின்மேல் நீவி வைத்தாள். வெள்ளைக் காகிதம். ஒரு கோடும் இல்லை.

“சின்னவன் முதல் கட்டம்னா, பெரியவன் நடுக்கட்டம். அவன் வேற ஏதோ காய்ச்சல்ல போனான். விதி. ஆனா சின்னவன் நடுக்கட்டம்னா...” அவள் நிறுத்தினாள். “அப்போ பெரியவனை வாய்க்காலுக்கு அனுப்பிச்சது யாரு?”

“அத்தை...”

“எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. இன்னும் எத்தனை வருஷம் இருப்பனோ. அவனுக்குக் கல்யாணம் பண்ணி, ஓடற ஆடற ரெண்டு பிள்ளைங்களைப் பாத்துட்டா எனக்குப் போதும். உன் தங்கச்சியை நான் தரையில விடாமப் பாத்துக்குவேன். அவ சிரிச்ச அன்னிக்குத்தான் எங்க வீட்ல சத்தமே கேட்டுச்சு.” சௌமியா எழுந்து வந்து குழலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்றிருந்தன. அலைந்துகொண்டே இருக்கும் அந்தக் கண்கள் முதல்முறையாக ஓரிடத்தில் நின்றன. “இதைப் பாத்தவ நீ ஒருத்திதான். அவன் உன் பேச்சைக் கேப்பான். காகிதம் பழசு, தப்பா வந்துருச்சுன்னு அவன்கிட்டச் சொல்லிரு. என்கிட்டயும் அப்படியே சொல்லிரு. ஒரே ஒரு கோடுதான் வந்துச்சு, நீலம் மட்டுந்தான்னு சொல்லு அம்மிணி.”